பச்சைச் சக்கரம்

அத்தியாயம் 9

காடு என்று சொல்லிக்கொள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்ன இருக்கிறது? கொஞ்சம் வடலி, கொஞ்சம் நாயுண்ணிப் பற்றை, கனடாவுக்குப் போனவர்கள் விற்கவும் மனமில்லாமல் வேலி அடைக்கவும் மனமில்லாமல் போட்டுவிட்டுப் போன பனங்காணி. அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு காட்டுக்குள், அச்சுவேலிக்குச் சற்று அப்பால், நெஞ்சளவு உயர்ந்த ஒரு கறையான் புற்றின் முன்னால், துப்பறிவாளர் ஷெரோன் ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்காலில் நின்றாள். கையில் மரக்கறி வெட்டும் கத்தி. முகத்தில் வழக்கமான கடுப்பு.

"அக்கா, பாம்பு வந்தால் நான் ஓட்டோவையும் உங்களையும் விட்டிட்டு ஓடிடுவன். பிறகு ஜெரிசன் சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ."

ஜெரிசன் அவளுடைய உதவியாளன், சாரதி, அலுவலகத்தின் ஒரே சம்பளக்காரன். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவன். கடலில் திருக்கையை மிதித்தாலும் சிரிப்பான்; தரையில் ஓர் ஓணான் ஓடினால் மாதாவைக் கூப்பிடுவான்.

"உன்னைக் கடிச்சால் பாம்புக்குத்தான் வைத்தியம் பாக்கவேணும். அந்த ஓலைக் கடகத்தை இஞ்சாலை கொண்டா."

புற்றின் அடியில் புதன்கிழமை மழைக்கு முளைத்த காளான்கள் நாலைந்து மிச்சம் நின்றன. ஷெரோன் ஒன்றைச் சுற்றி மண்ணைக் கிளறினாள். தண்டு முடியவில்லை. மெலிந்து மெலிந்து, வேர்போலப் புற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. முழங்கை அளவு தோண்டியபிறகும் அடி வரவில்லை.

"வடிவாப் பார். குடைக்கு நடுவிலை கூர். தண்டிலை வளையம் இல்லை. கீழை வேர் மாதிரிப் புற்றுக்குள்ளை போகுது. உள்ளை கறையான் வளக்கிற காளான் இது. இராசாத்தியின்ரை குசினியிலை பொலிஸ் எடுத்த காளானும் இதுதான். காலமை ஸ்ரேசனிலை பாத்தனான், ஒவ்வொண்டிலும் வால் தொங்குது. இதைத் திண்டு ஒருத்தனும் ஆஸ்பத்திரிக்குப் போறேல்லை."

"உது நீங்கள் படிச்சதோ, திண்டதோ?"

"ரெண்டும்."

ஷெரோன் தாவரவியல் பட்டதாரி. பண்டத்தரிப்பில், பைபிளையும் பட்டத்தையும் ஒரே அலுமாரியில் பூட்டிவைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பட்டத்தால் அவளுக்கு இன்றுவரை ஒரு பிரயோசனமும் வந்ததில்லை. யாழ்ப்பாண நகரில் அவள் நடத்தும் விசாரணை நிலையத்துக்கு வரும் வேலை எல்லாம் கலியாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, முதலே ஒருத்தி இருக்கிறாளா, சொன்ன வீடு சொந்த வீடா என்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே மனிதகுலத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை தேய்ந்துபோய்விட்டது.

ஆனால் இந்த வழக்கு வேறு. இதில் ஒரு மனுசி பொலிஸ் நிலைய மர வாங்கில் இருந்தாள்.

இராசாத்தி ஐம்பது வயதுக் கத்தோலிக்கப் பெண். ஊர் முருகன் கோயில் பரிபாலன சபைத் தலைவர் சீவரத்தினத்தின் வீட்டில் சமையல். இது கந்தசஷ்டிக் காலம். தலைவர் ஆறு நாளும் விரதம், மத்தியானம் ஒரு தம்ளர் பால் மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தது இராசாத்தி. பின்னேரம் தலைவர் வாந்தியும் வயிற்றோட்டமுமாகச் சுருண்டு விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரி வைத்தியர், "காளான் நஞ்சு மாதிரிக் கிடக்கு, காளான் ஏதும் சாப்பிட்டவரோ?" என்று கேட்டார். வீட்டார் காதைப் பொத்தினார்கள். காளானையும் மீன் இறைச்சிபோல மச்சம் என்று எண்ணும் வீடு அது. விரத நாளில் அந்தச் சொல்லையே அங்கே சொல்லமாட்டார்கள்.

ஆகவே பொலிசார் கணக்குப் போட்டார்கள். தலைவர் காளான் சாப்பிடவில்லை. ஆனால் காளான் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அப்படியென்றால் பாலுக்குள் போயிருக்கிறது. ஊரில் காளான் பிடுங்குகிறவள் யார்? இராசாத்தி. தலைவரே படுக்கையில் இருந்தபடி, கிறிஸ்தவர்களை ஊரார் சொல்லும் சொல்லால், "வேதக்காரிக்கு என்ரை விரதம் கண்ணுக்குள்ளை குத்தினது" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் அவளைப் பிடித்தார்கள். இன்று நாலு மணிக்கு நீதவானின் வீட்டில் முன்னிலைப்படுத்தப் போகிறார்கள். கொலை முயற்சி. விளக்கமறியல். பிறகு நிரபராதி என்று விட்டாலும், நஞ்சு வைத்தவள் என்று பேர் வாங்கியவளை எந்த வீட்டுக் குசினிக்குள் விடுவார்கள்? மகள் ஜெயனி அழுதுகொண்டு ஷெரோனிடம் வந்ததும் அதற்காகத்தான்.

காலையில் ஷெரோன் பொலிஸ் நிலையத்துக்குப் போய் இராசாத்தியைப் பார்த்தபோது அவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை சாப்பிட்டவளோ?" என்று மட்டும் கேட்டாள். ஷெரோனுக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

"சரி, இது நல்ல காளான்," என்றான் ஜெரிசன். "அப்ப கெட்டது எங்கை?"

"அதுக்குக் காடு தேவையில்லை. வெட்டி, தண்ணி விட்டு, செல்லமா வளத்த புல்லுத்தரை வேணும். குடாநாட்டிலை ஆரடா புல்லுக்குத் தண்ணி விடுறது?"

ஜெரிசன் ஒரு கணம் யோசித்தான். "மாடு வைச்சிருக்கிறவன் விடமாட்டான். மாடில்லாத வெளிநாட்டுக்காரன்தான் விடுவான்."

"ஓட்டோவை எடு."

சீவரத்தினத்தின் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். மதிலோரம் சனம் வரிசை கட்டி நின்றது. ஒலிபெருக்கியில் தேவாரம்.

"மனுசன் போய்ச் சேர்ந்திட்டாரோ?" என்று ஜெரிசன் வரிசையில் நின்ற ஒரு மனுசியிடம் கேட்டான்.

"வாயைக் கழுவும் தம்பி! ஆஸ்பத்திரியிலை சுகமா இருக்கிறார். உள்ளை அற்புதம் நடந்திருக்கு. முருகன்ரை வெள்ளைத் துணியிலை ஆறு சக்கரம்! பச்சை நிறம்! மயில் பச்சை! ஆறுமுகத்துக்கு ஆறு!"

"எனக்கு ஆறிலை ஒண்டு தெரிஞ்சாலே போதும்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஜெரிசன் ஷெரோனின் பின்னால் போனான்.

தலைவரின் மருமகள் தனுசியா அவர்களைக் காலைக் கழுவச் சொல்லி உள்ளே விட்டாள். ஜெயனிக்காக வந்தவர்கள் என்று தெரிந்தும் அவள் முகம் சுளிக்கவில்லை. பதினைந்து வருடம் ஸ்காபரோவில் பல் வைத்தியரிடம் வேலை செய்தவள். இப்போது மாமனாருக்கு விரதப் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு உத்தியோகத்தில் எது சுத்தமானது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே விளங்கும்.

சுவாமி அறையில் இடுப்பளவு உயரமான முருகன் படம். முன்னால் குத்துவிளக்கு, சாம்பிராணித் தட்டு. படத்தை நிமிர்த்தி வைத்திருந்த பீடத்தின் மேல் வெள்ளைத் துணி. துணியின் பின்பக்கத்தில், படத்துக்கும் சுவருக்கும் இடையில், சோசர் அளவில் ஆறு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நடுவிலிருந்து விளிம்புவரை நூல்போன்ற கோடுகள், நெருக்கமாக, ஒழுங்காக. மங்கிய பச்சை. ஊர்ச்சனம் மயில் பச்சை என்றது. ஷெரோனுக்கு அது பழைய பாசிப்பயறு நிறமாகத்தான் தெரிந்தது.

"நேற்றுக் காலமை அறையைத் துடைக்க வந்தனான்," என்றாள் தனுசியா. "படத்தைத் தள்ளினால் இது கிடக்கு. வெள்ளிக்கிழமைக்கு முதல் இல்லை. வியாழக்கிழமைதான் இந்தத் துணியை நானே விரிச்சனான்."

"வெள்ளிக்கிழமை மாமா இந்த அறையிலையோ இருந்தவர்?"

"காலமை தொடங்கிப் பூட்டிக்கொண்டு இருந்தவர். மத்தியானம் பாலை வாங்கக் கதவைக் கொஞ்சம் திறந்தவர், அவ்வளவுதான். உள்ளை ஒரே சாம்பிராணி. வீடு முழுக்கப் புகை. எனக்கு இருமல் வந்து நான் வெளியிலை போட்டன்."

"வழக்கமா அவ்வளவு போடுவாரோ?"

"ஒரு நாளும் இல்லை. சாம்பிராணி விலை சொல்லிச் சொல்லியே எனக்குக் காது செவிடாப் போச்சு."

ஷெரோன் மூலையில் குனிந்தாள். விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கிண்ணம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பும் மிளகுத்தூளும். விளக்குத் திரியைத் தூண்டும் கம்பி பக்கத்தில் கிடந்தது. அதன் நுனியில் ஏதோ கருகி ஒட்டியிருந்தது. கைகூப்பிக் கும்பிடுவதுபோல ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, மதம் மாறீட்டியளோ?" என்றான் ஜெரிசன். "பண்டத்தரிப்பிலை கேள்விப்பட்டால் உங்கடை சேர்ச் ஐயர் கலங்கிப் போவார்."

"பண்டத்தரிப்பை விடு. உபவாச ஜெபத்திலை கண்ணை மூடிக்கொண்டு குசினியிலை எத்தினை வடை பொரியுது எண்டு எண்ணினவையளை எனக்குத் தெரியும். வா, புல்லைப் பாப்பம்."

பின்வளவில் தலைவரின் மகன் பிரகலாதன், காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் பச்சைப் பசேலென்று புல்தரை. கொழும்பிலிருந்து லொறியில் வந்த புல். கனடாவில் வீட்டுக்கு முன்னால் இருந்தது என்பதற்காக இங்கேயும் இருக்கவேண்டும். அயல் வீட்டுக் கிணறுகள் வற்றிய கோடையிலும் இந்தப் புல் ஒருநாள் வாடியதில்லையாம். அதை அவன் பெருமையாகவே சொன்னான்.

"புதன்கிழமை மழைக்குப் பிறகு இதிலை காளான் முளைச்சதோ?" என்று ஷெரோன் கேட்டாள்.

"முளைச்சிருக்கும். நான் கவனிக்கேல்லை. மெசின் அடிச்சால் போயிடும்."

மாமரத்துப் பக்கம் அவை நின்றன. அரை வட்டமாக, வெள்ளை வெளேரென்று, தட்டையான குடையின் மேல் தவிட்டு நிறச் செதில்களோடு. ஷெரோன் ஒன்றை இழுத்தாள். அடியில் ஒரு குமிழ், அதோடு சரி. வேர் இல்லை, வால் இல்லை. தண்டில் மோதிரம் போட்டதுபோல வளையம். கவிழ்த்துப் பார்த்தாள். குடையின் அடிமடிப்புகள் பச்சை பாரித்திருந்தன.

வட்டத்தின் மற்றப் பாதியில் வெறும் தண்டுகள். யாரோ தலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தண்டுகள் வாடிச் சுருங்கிக் கிடந்தன. ஜெரிசன் எண்ணிவிட்டு நிமிர்ந்தான். "ஆறு," என்றான். அவன் குரலில் பகிடி இல்லை.

பிறகு அவளை வேலியோரமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, பிடிச்சிட்டன். மருமகள்தான். திரும்பிக் கனடாவுக்குப் போவம் எண்டு அவ ஒவ்வொரு நாளும் சண்டையாம். கிழவன் இருக்குமட்டும் மகன் அசையானாம். வரிசையிலை நிண்ட சனம் சொன்னது. காளானைக் கிள்ளி, அரைச்சு, பாலுக்குள்ளை கலந்து, இராசாத்தி அக்காவின்ரை கையிலை குடுத்து விட்டிருக்கிறா."

"அரைச்ச காளானை விட்ட பாலை மோந்துபார்த்திருக்கிறியோ?"

"இல்லை."

"மாட்டுக்கு வைச்சாலும் முகத்தைத் திருப்பும். அதை ஒரு சொட்டு விடாமல் குடிச்சிட்டு, தம்ளரைக் கழுவிக் குடுத்து, பின்னேரம் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தவரோ உந்தாள்? சீனி குறைஞ்சாலே கோயில் மணி மாதிரிக் கத்துற ஆள்."

"அப்ப ஆர்?"

"உன்ரை சாப்பாட்டுப் பெட்டியைத் தா."

ஷெரோன் தான் முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சியை மடித்துப் பெட்டிக்குள் விரித்தாள். முற்றிய காளான் ஒன்றின் தலையைக் கிள்ளி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்தாள். மூடியை லேசாக மூடினாள்.

"இனி நான் உதிலை சாப்பிடேலாது," என்றான் ஜெரிசன் துக்கத்தோடு.

அவள் பிரகலாதனிடம் போனாள். "உங்கடை அப்பாவைப் பாக்கப் போறன். நீங்களும் வாங்கோ. வழக்கை எழுதின சார்ஜன்டையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கோல் எடுங்கோ. நஞ்சு வைச்ச ஆளைக் காட்டுறன்."

யாழ்ப்பாண நகரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வழியில் ஓட்டோவின் ரயருக்குக் காற்றுப் போனது. ஜெரிசன் அதற்கும் காளானைக் குற்றம் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஷெரோன் பெட்டியைத் திறந்து, காளானை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

சீவரத்தினம் தனி அறையில் தலையணையில் சாய்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் சேலைன். கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு துணித்திரை. பிரகலாதனையும் சார்ஜன்ட் ஜஸ்ரினையும் திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, வாயில் விரல் வைத்துக்காட்டிவிட்டு, ஷெரோன் உள்ளே போனாள். ஜெரிசன் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நாடகத்தில் வேலை கிடைத்தவன்போல நின்றான்.

"ஆரம்மா நீர்?"

"ஊரிலை நடந்த அற்புதத்தைக் கண்டிட்டு வாறன் ஐயா."

தலைவரின் முகம் மலர்ந்தது. "ஓமோம், மகன் படம் அனுப்பினவர். பாத்தீரே, விரதத்துக்கு எவ்வளவு சக்தி! நஞ்சு தந்தும் என்னை முருகன் விடேல்லை."

"என்னையும் விடேல்லை," என்றாள் ஷெரோன். "இஞ்சை பாருங்கோ. என்ரை லேஞ்சியிலும் முருகன் வந்திட்டார்."

அவள் லேஞ்சியைப் போர்வையின்மேல் விரித்தாள். நடுவில் ஒரு வட்டம். நடுவிலிருந்து விளிம்புவரை நூல்போன்ற கோடுகள். கொஞ்சம் மெல்லிசு, ஆனால் அதே மங்கிய பச்சை.

தலைவர் லேஞ்சியைப் பார்த்தார். பிறகு சேலைன் போத்தலைப் பார்த்தார்.

"காளான் முற்றினால் அடியிலையிருந்து பொடி கொட்டும் ஐயா. துணியிலை கவிழ்த்து வைச்சால் இப்பிடிச் சக்கரம் விழும். உங்கடை மகன்ரை புல்லிலை முளைக்கிற காளானுக்குப் பொடி பச்சை. அங்கை ஆறு தண்டு தலையில்லாமல் நிக்குது. உங்கடை சுவாமி படத்துக்குப் பின்னாலை ஆறு சக்கரம். வெள்ளிக்கிழமை விடியக் கிள்ளிக்கொண்டு வந்து அங்கை ஒளிச்சு வைச்சனீங்கள். மத்தியானம் சாம்பிராணித் தணலிலை, திரி தூண்டுற கம்பியிலை குத்திச் சுட்டனீங்கள். மணம் வெளியிலை போகாமல் இருக்கத்தான் அவ்வளவு சாம்பிராணி. உப்பும் மிளகுத்தூளும் விபூதிக்குப் பக்கத்திலை இன்னும் இருக்கு. முருகனுக்குப் படைக்கிறதுக்கோ வைச்சனீங்கள்?"

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். தலைவர் அது போய் முடியும்வரைக்கும் நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பசி அம்மா," என்றார் கடைசியில். குரல் கோயில் கூட்டத்தில் கேட்கும் குரல் அல்ல. "மூண்டாம் நாள். தாங்க முடியேல்லை. காலமை முகம் கழுவப் போனால் வெள்ளை வெளேரெண்டு நிக்குது. சின்னனிலை மழைக்குப் பிறகு அம்மா காளான் சுட்டுத் தாறவ. அந்த ஞாபகம். எல்லாக் காளானும் ஒண்டுதானே எண்டு நினைச்சன்."

எழுபது வருடமாக அந்த மனிதர் காளானைச் சாப்பாட்டுக் கோப்பையில்தான் கண்டிருக்கிறார். குனிந்து பிடுங்குவது வேறு யாருடைய வேலையோ. புற்றடிக் காளானுக்கும் புல்தரைக் காளானுக்கும் வித்தியாசம் தெரிய அவருக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை. பசியை ஷெரோன் மன்னித்திருப்பாள். பசிக்கு வேதமும் சைவமும் கிடையாது. மூன்று நாள் பட்டினி கிடந்த கிழவன் எதைத் தின்றாலும் அவளுக்கு இரக்கம்தான் வந்திருக்கும்.

"சரி, திண்டனீங்கள். வருத்தம் வந்தது. பிறகு ஏன் அந்த மனுசியைப் பிடிச்சுக் குடுத்தனீங்கள்?"

"நான் குடுக்கேல்லை. அவையள்தான் பாலோ எண்டு கேட்டவை. நான் ஓமெண்டன்." அவர் எட்டி அவள் கையைப் பிடித்தார். "தங்கச்சி, உமக்கு விளங்கும். நாளைக்குச் சூரன்போர். பரிவட்டம் கட்டி முதல் மரியாதை எனக்குத்தான். நாளையிண்டைக்கு நானே பொலிசிலை சொல்லி எடுத்து விடுறன். சத்தியமா. அவள் ரெண்டு நாள் உள்ளை இருந்தால் என்ன, தேஞ்சே போவாள்? சமையல்காரிதானே. எனக்கு அப்பிடியே? ஊர் என்ன கதைக்கும்?"

ஷெரோன் தன் கையை இழுத்து எடுத்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு அவர்மேல் இருந்தது கோபம்கூட இல்லை, வெறும் அருவருப்பு. இந்த மனிதருக்குப் பரிவட்டம் கட்டத்தான் ஒரு கோயில் நிறையச் சனம் ஆறு நாளாக உண்மையாகவே பட்டினி கிடக்கிறது என்று நினைத்தபோது அது இன்னும் கூடியது.

"ஐயா, அவவின்ரை கையாலை பால் குடிக்க மட்டும் உங்களுக்குத் தீட்டில்லை. அவவைக் காட்டிக் குடுக்கேக்கைதான் வேதக்காரி எண்டு ஞாபகம் வந்ததோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஜெரிசன்."

ஜெரிசன் திரையை ஒரே இழுவையில் இழுத்தான். "சூரன் வந்திட்டார் ஐயா, போரைத் தொடங்குங்கோ."

சார்ஜன்ட் ஜஸ்ரின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கணக்குப் பிழைத்துப்போன பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். பிரகலாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். "அப்பா," என்று மட்டும் சொன்னான். சீவரத்தினம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"எழுதுங்கோ சார்ஜன்ட்," என்றாள் ஷெரோன். "இப்ப கேட்டதை எழுதி, அவரிட்டைக் கையெழுத்தும் வாங்குங்கோ. நாலு மணிக்கு நீதவான் வீட்டை கொண்டுபோக உங்களிட்டை இனி ஆள் இல்லை."

மூன்றேகால் மணிக்கு இராசாத்தி பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தாள். செபமாலை கையில். சேலை கசங்கி, ஒரு நாளில் ஆள் பாதியாகி இருந்தாள். ஜெயனி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். இருவரும் அழுதார்கள். ஜெரிசன் மறுபக்கம் திரும்பி, ஓட்டோவின் கண்ணாடியைத் தேவையில்லாமல் துடைத்தான். பொறுப்பதிகாரி வாசல்வரை வந்து, "அம்மா, எங்களையும் குறை நினையாதேங்கோ, சொன்னதைத்தானே செய்யலாம்" என்றார். இராசாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

நடந்ததை ஷெரோன் சொன்னாள். புல்தரை, ஆறு தண்டு, சாம்பிராணி, பரிவட்டம், எல்லாம். இராசாத்தி செபமாலையை உருட்டியபடி கேட்டாள். "அவ்வளவு பசியெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே," என்றாள் முடிவில். "ஆருக்கும் சொல்லியிருக்க மாட்டன்."

ஷெரோன் ஓட்டோவிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

அப்போதுதான் பிரகலாதனின் கார் வந்து நின்றது. இறங்கி வந்தான். மன்னிப்பு என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, அதைச் சொல்லாமலே முடித்தான். வீட்டில் அற்புதம் பார்க்கக் கூடிய சனத்தை எல்லாம் அனுப்பியாயிற்று, துணியைத் தனுசியா எடுத்து எரித்துவிட்டாள், அவளும் பெட்டி கட்டுகிறாள், பகிடியில்லை, ரிக்கெற்றும் போட்டுவிட்டாள் என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விசயத்துக்கு வந்தான்.

"இராசாத்தியக்கா, அப்பாவை நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினம். வீட்டை வந்தால் கஞ்சி, ரசம் எண்டு பாத்துப் பாத்துக் குடுக்கவேணுமாம். எனக்குத் தேத்தண்ணிகூடப் போடத் தெரியாது. நாளைக்குக் காலமையே நீங்கள் வந்தால் நல்லது. இல்லாட்டி ஆர் சமைக்கிறது?"

இராசாத்தி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறினாள். ஜெயனியைப் பக்கத்தில் இருத்தினாள். பிறகு தலையை வெளியே நீட்டி, எந்தக் கோபமும் இல்லாமல் அவனைப் பார்த்தாள்.

"ஐயா விரதமெல்லோ தம்பி," என்றாள். "ஆருக்குச் சமைக்கிறது?"